தலைக்காய்க்குக் கட்டிய துணி

1

இந்தக் கோடையில் காய்த்தது போல என் தோட்டம் எந்தக் கோடையிலும் காய்த்ததில்லை. பீன்ஸ் கொடி பந்தலில் இடம் போதாமல் பக்கத்து வேலியில் ஏறிவிட்டது. சீமைச் சுரைக்காய் என்று நானாகப் பெயர் வைத்திருக்கும் கோர்ஜெட், ஞாயிற்றுக்கிழமை விரல் அளவில் இருந்தால் புதன்கிழமை முழங்கை அளவுக்கு நிற்கிறது. கண்ணாடிக் கூண்டுக்குள் தக்காளி குலை குலையாகப் பழுத்துக் கிடக்கிறது. எல்லாவற்றையும் பறித்துப் பைகளில் போட்டு, எங்கள் தெருவில் தெரிந்தவர் தெரியாதவர் வாசல்களில் வைத்துவிட்டு வருகிறேன். ஒன்றையும் வாயில் வைக்கப் பிடிக்கவில்லை.

நான் இருப்பது இங்கிலாந்தில், ஷெஃபீல்டு என்கிற ஊரில். ஏறி இறங்கும் ஊர். வந்த புதிதில், நம் ஜவ்வாது மலைக்குத் தார் போட்டு வீடு கட்டினால் இப்படித்தான் இருக்கும் என்று தம்பியிடம் போனில் சொன்னேன். எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. என் விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்த கணவர் முருகேசன் இங்கே பஸ் ஓட்டுகிறார். மகள் கயல் பள்ளிக்கூடத்தின் கடைசி வருஷத்தில் இருக்கிறாள்.

ஊரில் இருப்பவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். அவர்களோடு இரண்டு பேர் கட்டாயம் படிக்க வேண்டும். ஒருவர் இதே வீட்டில், இப்போது கீழே சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொருவன் என் தம்பி ஏழுமலை. மலையில் இருக்கிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவன், மலைக்குக் கீழே போளூரில் இருக்கிறான்.

2

காவலூரைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் ஊர். மலையில் விவசாயம் என்றால் மழையை நம்பிச் சாமை போடுவதுதான். அறுவடை முடிந்தால் கொல்லை காய்ந்து கிடக்கும். மாசி பங்குனியில் புளி உலுக்குவோம். சித்திரையில் அதுவும் முடிந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். காவலூர் நட்சத்திர ஆய்வகத்துக்காரர்களும் வானத்தைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அதற்குச் சம்பளம் உண்டு.

எங்களுக்குக் கோடையிலும் வேலை இருந்தது. ஊருக்கு மேற்கே ஒரு ஊற்று உண்டு. எந்த வெயிலிலும் அது வற்றியதில்லை. ஊற்றுக்குக் கீழே நிலம் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள் அந்தத் தண்ணீரை முறை போட்டுப் பாய்ச்சுவோம். இன்றைக்கு உன் முறை என்றால் உன் வாய்க்காலைத் திறந்துகொள்ளலாம், நாளைக்கு அடைத்துவிட வேண்டும். ஒருவர் முறையில் இன்னொருவர் கை வைத்தால் ஊரே கூடிவிடும். அந்த மலைச்சரிவில் சித்திரை வெயிலிலும் பச்சையாக இருக்கிற ஒரே இடம் அதுதான்.

தை கடைசியில் அம்மா பாத்தி கட்ட ஆரம்பிப்பாள். பூசணிக்கும் பாகலுக்கும் குழி எடுத்து மக்கின எருவைக் கொட்டுவாள். தக்காளியும் கத்திரியும் வரப்போரம். வெள்ளரிக்குக் கொஞ்சம் இடம். வேரில் வெயில் படாமல் இருக்கச் சாமைத் தாளைப் பரப்பி மூடுவாள். தண்ணீர் சாயங்காலத்தில்தான் பாய வேண்டும், வெயிலில் பாய்ச்சினால் வேர் வெந்துவிடும் என்பாள். எங்கள் வேலை இரண்டு வேளையும் பூச்சி பொறுக்குவது. நானும் ஏழுமலையும் பொறுக்கின பூச்சிகளை வரிசையாக வைத்து யாருடையது அதிகம் என்று சண்டை போடுவோம்.

பூசணியில் எங்களுக்கு ஒரு முறைமை உண்டு. கொடியின் தூருக்குப் பக்கத்தில் முதலில் பிடிக்கிற காய் தலைக்காய். அது சாமிக்கு. முற்றினதும் கோயிலில் வைத்து உடைத்து ஊருக்குப் பங்கு போட்டுவிடுவார்கள். அதற்கு அடுத்த காய் விதைக்கு. யாரும் மறந்து பறித்துவிடாமல் இருக்க அதன் காம்பில் பழைய வேட்டியிலிருந்து கிழித்த வெள்ளைத் துணியைக் கட்டி வைப்போம். மூன்றாவது காயிலிருந்துதான் வீட்டுக் குழம்புக்கு. தலைக்காயில் விதைத் துணியைக் கட்டுவது சாமி இலையில் கை வைத்த மாதிரி. எங்கள் மலையில் கைக்குழந்தைக்குக்கூட இது தெரியும்.

அம்மா இறந்தபோது நான் போயிருந்தேன். காரியம் முடிந்த மறுநாள் தம்பியும் நானும் ஊற்றடிக்குப் போனோம். கயல் படிப்பை முடித்ததும் நான் வந்துவிடுவேன், அதுவரைக்கும் கோடைத் தோட்டத்தை விடாமல் பண்ணு என்று கேட்டேன்.

"நீ வா அக்கா. வெதை கைமாறாம பாத்துக்கறேன்" என்றான்.

நிலத்தில் பாதி என்னுடையது, முறைத் தண்ணீரிலும் பாதி. அதைச் சொல்லிக்கூட நான் கேட்கவில்லை. அவன் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இங்கே என் வாழ்க்கையையே அமைத்துக்கொண்டேன். எல்லோரும் வீடு வாங்கினார்கள், நான் வாடகை வீட்டிலேயே இருந்தேன். மேல்பதவிக்குப் படிக்கச் சொன்னார்கள், போகப்போகிறவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு தடவையும் கணவரிடம் கேட்டுத்தான் செய்தேன். அவர் எப்போதும் சொல்வது "சரி அலமு" என்கிற இரண்டே வார்த்தைதான். அந்த மனுஷனுக்கு வாயில் வேறு வார்த்தை இல்லையோ என்று பெருமையாகக்கூட நினைத்திருக்கிறேன்.

3

இங்கே தோட்டம் கிடைப்பது லேசான காரியமில்லை. ஊருக்கு வெளியே நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வாடகைக்கு விடுகிறார்கள். பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் பெயர் கொடுத்தபோது கயல் பாலர் பள்ளியில் இருந்தாள். நிலம் வந்தபோது அவளுக்கு என் செருப்பு சரியாக இருந்தது.

கிடைத்த பிறகு சட்டம் ஆரம்பித்தது. வேலியின் உயரத்துக்கு ஒரு விதி. கூண்டின் அகலத்துக்கு ஒரு விதி. எங்கள் தோட்டச் சங்கத்திலிருந்து ஒருவர் வருஷத்துக்குச் சில தடவை வந்து பார்ப்பார். முதல் கோடையில், உங்கள் நிலத்தில் களை மிதமிஞ்சி இருக்கிறது, உடனே அகற்றவும் என்று எச்சரிக்கை வந்தது. அவர் களை என்று சொன்னது நான் ஆசை ஆசையாக வளர்த்த முளைக்கீரையை. அடுத்த தடவை அவர் வந்தபோது ஒரு டப்பாவில் கீரைக் கடைசலும் சோறும் கொண்டுபோய்க் கொடுத்தேன். மனுஷன் நின்றபடியே வழித்துத் தின்றுவிட்டு, "இருந்தாலும் வரிசையாக நடுங்கள், அப்போதுதான் பயிர் என்று தெரியும்" என்றார்.

பக்கத்துத் துண்டில் டெரெக் என்று ஒருவர். பெரிய பூசணி வளர்த்துப் போட்டிக்கு எடுத்துப் போகிறவர். இங்கே சில நாள் குளிரில் வண்டு பறக்காது. அப்போது ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நாம்தான் தடவ வேண்டும். ஒருநாள் விடியலில் நான் அதைச் செய்துகொண்டிருந்தபோது என்ன செய்கிறாய் என்று கேட்டார். மகரந்தத்துக்கு அந்த நேரத்தில் இங்கிலீஷ் வாயில் வரவில்லை. "பூசணிக்குக் கல்யாணம் பண்ணி வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றி, எனக்கு அழைப்பு இல்லையா என்று கேட்டார். இன்றைக்கும் என்னைப் பார்த்தால் மாப்பிள்ளை எப்படி இருக்கிறார் என்பார்.

எங்கள் மலைப் பூசணி விதையை இங்கே கொண்டுவர நான் துணியவில்லை. தகுந்த சான்று இல்லாமல் விதை கொண்டுவரக் கூடாது என்று விமான நிலையத்தில் பெரிதாக எழுதிப் போட்டிருக்கிறார்கள். எதையும் புடவை மடிப்பில் வைத்துக் கடத்துகிற தைரியசாலிகளை எனக்குத் தெரியும். நான் சீருடைக்காரரைக் கண்டால் கேட்பதற்கு முன்பே பையைத் திறந்து காட்டிவிடுகிற ஆள். போகட்டும், விதை ஊரில் பத்திரமாக இருக்கிறது, நாம்தான் அதனிடம் போகப்போகிறோம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு கடையில் விற்கிற விதையைப் போட்டேன்.

கயல் சின்னவளாக இருந்தபோது பூவாளியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வருவாள். இப்போது வருவதில்லை. பாகற்காயைப் பார்த்தால், இது யாருக்கான தண்டனை என்று இங்கிலீஷில் கேட்கிறாள். தமிழ் பேசுவாள். ஆனால் நான் நாலு வாக்கியம் பேசினால் அவள் ஒரு வார்த்தை பேசுவாள், அதுவும் பாதி நேரம் "ஓகே". அவள் படிப்பை முடிக்க முடிக்க நான் ஊருக்குப் பக்கத்தில் போகிறேன் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவள் தூரமாகப் போவது அந்தக் கணக்கில் எனக்குத் தெரியவே இல்லை.

4

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏழுமலை படம் அனுப்புவான். மாசியில் பாத்தி, பங்குனியில் பூ, சித்திரையில் காய். நான் அதை ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு இடைவேளையில் எல்லோருக்கும் காட்டுவேன். என் நிலம், என் தம்பி, என் தக்காளி. பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தியும் நைஜீரியாக்காரி ஒருத்தியும் என்னோடு உட்கார்ந்து தங்கள் ஊர்ப் படங்களைக் காட்டுவார்கள். எங்களுக்குள் யார் ஊர் அதிகப் பச்சை என்று போட்டியே நடக்கும்.

இப்போது யோசித்தால் எல்லாம் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது. தக்காளி வரிசை நூல் பிடித்த மாதிரி நேராக ஓடியது. எங்கள் சரிவில் அப்படி நட முடியாது. தம்பி தேறிவிட்டான் என்று மகிழ்ந்தேன். மண் கறுப்பாக இருந்தது. எரு நிறையப் போடுகிறான் என்று எடுத்துக்கொண்டேன். முன்னெல்லாம் வீடியோவில் அவன் முகம் உறைந்து உறைந்து நிற்கும், திடீரென்று ஒரு வருஷத்திலிருந்து கண்ணாடி மாதிரி தெரிந்தது.

"டவர் போட்டுட்டாங்கக்கா" என்றான்.

மலைக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்று கணவரிடம் சொன்னேன். அவர் "சரி அலமு" என்றார்.

பூசணிப் படத்தை மட்டும் நான் கேட்டால்தான் அனுப்புவான். அதுவும் தூரத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். விதைக்காய்க்குத் துணி கட்டினாயா என்று ஒவ்வொரு கோடையிலும் கேட்பேன். கட்டியாச்சு, கட்டியாச்சு என்பான். அதைக் காட்டு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. தம்பியைச் சந்தேகப்பட எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

5

இந்தச் சித்திரையில் கணவர் அடிவாரத்தில் இருக்கிற தன் ஊர் கலசப்பாக்கத்துக்குப் போனார். அவர் அப்பாவின் திதி. எனக்கு லீவு கிடைக்கவில்லை. போகிற போக்கில் மலைக்கும் ஏறித் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள், விதைக்காய்க்குத் துணி கட்டியிருக்கிறதா என்று பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

நாலைந்து நாளில் படம் வந்தது. கொடிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கணவர் சிரிக்கிறார். தூரை ஒட்டி ஒரே ஒரு பூசணிப் பிஞ்சு. அதன் காம்பில் சிவப்பில் பூப்போட்ட துணி. கீழே எழுதியிருந்தார்: ஏழுமலை பக்கத்தில்தான் இருக்கிறான், துணியை என் கையாலேயே கட்டினேன், திருப்திதானே?

விழுந்து விழுந்து சிரித்தேன். அடிவாரத்து ஆளுக்கு எங்கள் முறைமை எப்படித் தெரியும். தலைக்காயில், அதுவும் யாருடைய தாவணியையோ கிழித்துக் கட்டி வைத்திருக்கிறார். சிரித்து முடித்ததும் மனம் கேட்கவில்லை. சாமி காரியம். உடனே தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏழுமலை, மாமா கட்டுன துணிய மொதல்ல அவுத்துடு. தலைக்காயில போயி கட்டி வச்சிக்கீறாரு. அவருக்குத் தெரியாது, சரி. பக்கத்துல நின்னுக்கினு நீ இன்னா பண்ண?"



"எந்தத் துணிக்கா?"

"பூசணிக்குக் கட்டுனதுடா."

"எந்தப் பூசணி?"

அப்போது அவன் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. நீளமாக, கூவிக்கொண்டே கடந்து போகிற சத்தம். ரயில்.

"ஏழுமலை, மலையில ஏதுடா ரயிலு?"

"டிவிக்கா. புள்ளைங்க பாத்துக்கினு கீதுங்க."

"போனைத் திருப்பு. வூட்டைக் காட்டு."

"அக்கா..."

"திருப்புடா."

அவன் திருப்பவில்லை. அழ ஆரம்பித்துவிட்டான். அவன் அழுகை சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழக்கம். பூச்சிக் கணக்கில் தோற்றாலும் இப்படித்தான் அழுவான். அன்றைக்கு அது எனக்கு இரக்கத்தைத் தரவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். ஊற்றுக்கு மேலே வெளியூர்க்காரர் ஒருவர் விடுமுறைக் குடில்கள் கட்டியிருக்கிறார். ராத்திரியில் நட்சத்திரம் பார்க்க நகரத்திலிருந்து வருகிறவர்கள் தங்குவதற்கு. அவர்கள் குளிக்கத் தண்ணீர் வேண்டும். எங்கள் முறைத் தண்ணீரை அவர்களுக்கு விட்டுவிட்டு, பிள்ளைகளின் படிப்பைச் சொல்லிக் குடும்பத்தோடு போளூருக்கு வந்துவிட்டான். ஸ்டேஷனை ஒட்டி வீடு. லோடு வண்டி ஓட்டுகிறான், தோட்டங்களிலிருந்து காய்கறி ஏற்றி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற வேலை.

"அப்ப போட்டோ?"

"மொதல்ல பழசையே அனுப்பிக்கினு இருந்தேன். அப்பறம் லோடு ஏத்தற கொல்லையில எடுப்பேன்."

"யாரு கொல்லை?"

"யாரு யாருதோக்கா."

யார் யாருடையதோ தக்காளியைத்தான் நான் ஆஸ்பத்திரி முழுக்கக் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

"வெதை?"

"போச்சிக்கா. பயிர் வெச்சாத்தான வெதை. பானையில இருந்தத எலி தின்னுட்டுது."

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தப் படம் ஞாபகத்துக்கு வந்தது. சிரிக்கிற கணவர். பக்கத்தில்தான் இருக்கிறான் என்று எழுதின கை.

"மாமாவுக்குத் தெரியுமா?"

"அவரு போன தடவ வந்தப்பவே மேல போயிப் பாத்துட்டாரு. நான் அக்காகிட்ட சொல்லிடறேன் மாமான்னேன். அவர்தான் வேணாம்னாரு. அவ எங்க வரப்போறா, வாயில சொல்லிக்கினு சந்தோசமா இருக்கா, இருந்துட்டுப் போவட்டும்னாரு."

"நீ இன்னா நெனச்ச?"

"எனக்கும் அப்படித்தான்க்கா பட்டுது."

6

கணவர் திரும்பி வந்த வாரத்தில் நான் பேசவில்லை. நாற்றுகளை வெளியே நட வேண்டிய காலம். இங்கே கோடை குறுகியது, ஒரு வாரம் தள்ளினால் காய் பழுக்காது. அதனால் கோபத்தோடேயே நட்டேன். பீன்ஸுக்குக் கழி ஊன்ற ஒரு ஆள் பிடிக்க வேண்டும், ஒரு ஆள் கட்ட வேண்டும். அவர் பிடித்துக்கொண்டார். நான் கட்டினேன். கடைசிக் கழியைக் கட்டும்போதுதான் கேட்டேன்.

"துணிய யாரு கொல்லையில கட்னீங்க?"

அவர் கழியை விடவில்லை. முகம் மட்டும் இறங்கிவிட்டது.

"கலசப்பாக்கத்துல, எங்க சித்தப்பா கொல்லையில."

"ஏங்க?"

"நீ துணி துணின்னு சொல்லி அனுப்புன. ஒரு படம் அனுப்புனா உனக்கு நிம்மதியா இருக்கும்னு நெனச்சேன் அலமு."

"தண்ணி போனது தெரிஞ்சி இத்தினி நாளா வாயத் தொறக்கல. எனக்கு நிம்மதியா இருக்கணும்னு?"

அவர் கழியைப் பிடித்தபடியே உண்மையைச் சொன்னார். அதை மட்டும் அவருக்குச் சாதகமாகச் சொல்வேன், அந்த ஒரு தடவை நேராகச் சொன்னார்.

"நான் அங்க வந்து இன்னா பண்றது? எனக்கு வண்டி ஓட்டத் தெரியும். இங்க காலையில ஏறுறவங்க பேரு சொல்லி வணக்கம் வெக்கிறாங்க. உங்க மலையில நான் இன்னிக்கும் கீழ இருந்து வந்தவன்தான். கயலு இங்கதான் இருப்பா. அவள வுட்டுட்டு வர என்னால முடியாது."

"அத்தச் சொல்லி இருக்கலாம் இல்ல? நான் வர்ல, நீ போன்னு."

"சொன்னா நீ போய்டுவியே."

இந்த மனுஷன் என்னைப் பற்றித் தம்பியிடம் ஒன்று சொல்லியிருக்கிறார், தனக்குள் ஒன்று நினைத்திருக்கிறார். அவள் வரமாட்டாள் என்று அங்கே. சொன்னால் போய்விடுவாள் என்று இங்கே. இரண்டுக்கும் நடுவில் நான் வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசித்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். "சரி அலமு, சரி அலமு" என்று சொல்லிச் சொல்லியே என்னை உட்கார வைத்திருக்கிறார். தம்பி செய்ததாவது பிள்ளைகள் படிப்புக்காக என்று ஒரு நாள் மன்னிப்பேனோ என்னவோ. இதை எதில் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கயலிடம் சொன்னேன். அவளாவது என் பக்கம் நிற்பாள் என்று ஒரு நப்பாசை. அவள் காதிலிருந்து இயர்ஃபோனை எடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள். கண் கலங்கவும் செய்தது.

"சாரிம்மா. அவங்க பண்ணது தப்பு" என்றாள். பிறகு, "ஆனா நீ நிஜமாவே போவேன்னு நானும் நெனைக்கல" என்றாள்.

வீட்டில் மூன்று பேர், ஊரில் ஒருவன். இந்த நாலு பேரில் நான் போவேன் என்று நம்பினவள் நான் ஒருத்திதான். துரோகம் என்றால் யாரோ முதுகில் குத்துவது என்று நினைத்திருந்தேன். என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, நான் சொல்வதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே, ஒரு வார்த்தையும் நம்பாமல் இருப்பதும் அதுதான்.

7

தம்பி தினமும் போன் செய்கிறான். நான் எடுப்பதில்லை. அதற்குப் பதில் ஊரில் சின்னபாப்பா அக்காவுக்குப் போன் செய்தேன். ஊற்றில் எங்களுக்கு அடுத்த முறை அவர்களுடையது. அவர்கள் இன்னும் பயிர் வைக்கிறார்கள். இந்த வருஷம் அவர்கள் விதையில் எங்கள் பூசணி இருக்கிறதா என்று கேட்டேன்.

"உங்கம்மா குடுத்ததுதான்டி. போட்டுக்கினுதான் கீறோம்."

அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பிறகு தண்ணீரைப் பற்றிக் கேட்டேன்.

"உன் தம்பி அவன் பங்கையும் குடுத்துட்டான், உன்னுதையும் குடுத்துட்டான். உன்னுத குடுக்க அவன் யாரு? நீ வந்து ஊரைக் கூட்டிக் கேளு, நாங்க பேசறோம்."

"போன்லயே சொல்லிடறேன்க்கா. ஊர்க்கவுண்டர்கிட்ட குடு" என்றேன். எங்கள் ஊர்த்தலைவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

"அது ஆவாதுடி. தண்ணி, நின்னு பாய்ச்சறவளுக்குத்தான். போன்ல கேக்கறவளுக்கு எப்படிக் குடுப்பாங்க? தையில வந்து பாத்தி கட்டு, வாய்க்கால்ல நில்லு. அன்னிக்கு அந்தக் குடில்காரன் ஓஸ் பைப்ப இழுத்துப் போட நானே வர்றேன். ஆனா ஒரு கோடைக்கு வந்துட்டு ஓடிட்டன்னா மறுபடி யாரும் பேச மாட்டாங்க."

அவள் சொன்னது நியாயம். எங்கள் ஊரில் எப்போதும் அதுதான் சட்டம். பயிர் வைக்காதவனுக்கு முறை கிடையாது. இத்தனை வருஷம் அந்தச் சட்டம் எனக்குப் பொருந்தாது என்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. வாய்க்காலில் நிற்பதற்கு எனக்குப் பதிலாக ஒருவன் இருக்கிறான் என்று நம்பினேன், அவ்வளவுதான்.

மார்கழியில் போகிற விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். ஒரு சீட்டு. ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாத நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதற்கு எத்தனை கேள்விகள். போவதன் நோக்கம் என்ன என்று கேட்டார்கள், பூசணி போட என்று எழுதினால் மனநல மருத்துவரிடம் அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து குடும்ப நிலப் பிரச்சினை என்று எழுதினேன். தோட்டச் சங்கத்துக்கும் சொல்ல வேண்டும். அடுத்த கோடையில் பயிர் வைக்காவிட்டால் நிலத்தை எடுத்துக்கொள்வார்கள். இங்கேயும் அதே சட்டம்தான். கயல் எனக்காக ஒரு பெரிய சூட்கேஸை மேலிருந்து இறக்கி வைத்திருக்கிறாள். கேட்காமலே செய்தாள். அதன் சக்கரத்தை உருட்டிப் பார்த்து எண்ணெய் விட்டாள்.

நேற்று மாலை பீன்ஸ் பறிக்கக் கணவரும் வந்தார். இந்தக் கோடை முழுக்க நாங்கள் பேசினதில் பாதி அந்தத் தோட்டத்தில்தான், அதுவும் கத்திரிக்கோல் எங்கே, பையைப் பிடி என்கிற அளவில். டெரெக் தன் பூசணியைச் சாக்குப் போட்டு மூடிவிட்டு எங்களுக்குக் கையசைத்துவிட்டுப் போனார். வெளிச்சம் இருந்தது. கணவர் கை நிறைய பீன்ஸ் வைத்துக்கொண்டு பையில் போடாமல் நின்றார்.

"அலமு, திரும்பி வருவ இல்ல?"

"என்னை ஏங்க கேக்கறீங்க?" என்றேன். "என் தம்பியக் கேளுங்க. நான் வருவனா மாட்டனான்னு உங்க ரெண்டு பேருக்குந்தான் நல்லாத் தெரியுமே."